இயந்திரத்துக்கு உணர்வு வருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், வேலை போகுமா, பிள்ளைகள் சுயமாக எழுதுவதை மறந்துவிடுவார்களா என்றெல்லாம் சுற்றிவிட்டுப் பேச்சு கடைசியில் ஓர் இடத்தில் வந்து நிற்கும்: "சரி, அதற்கு உள்ளே ஏதாவது தெரியுமா?" பல வருடங்களாக இதைப் பற்றிப் படித்து வருகிறேன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

'உணர்வு' என்று எதைச் சொல்கிறீர்கள்?

தமிழில் இதற்கு ஒரே சொல் இல்லை. உளவியல் நூல்களில் நனவு என்பார்கள். இலக்கியப் பத்திரிகைகளில் பிரக்ஞை. மருத்துவமனையில் நினைவு. "நினைவு தப்பிவிட்டது" என்று டாக்டர் சொன்னால் அவர் ஞாபகசக்தியைச் சொல்லவில்லை என்று நம் எல்லோருக்கும் தெரியும். இந்தப் பக்கத்தில் நான் உணர்வு என்றே எழுதுகிறேன்.

எனக்கு ஒரு முறை அறுவை சிகிச்சைக்காக முழு மயக்கம் கொடுத்தார்கள். தலைக்கு மேலே பெரிய வட்ட விளக்கு. பத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார்கள். ஏழு என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. அடுத்த கணம் வேறோர் அறை, தொண்டை வறண்டு கிடக்கிறது, சுவர்க் கடிகாரம் மூன்று மணி நேரம் தள்ளிப் போயிருக்கிறது. தூங்கி எழுந்தால் நேரம் போனது ஏதோ ஒரு விதத்தில் தெரியும். இதில் இடைவெளியே இல்லை. ஏழும் அந்த அறையும் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த மூன்று மணி நேரமும் இதயம் துடித்தது, ரத்தம் ஓடியது, காயம் உறையத் தொடங்கியது. இல்லாமல் போனது ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் உணர்வு என்கிறேன்.

தத்துவத்தில் இதைச் சொல்ல ஒரு நல்ல வழி உண்டு. 1974இல் தாமஸ் நேகல் என்ற தத்துவவாதி, வௌவாலாக இருப்பது எப்படி இருக்கும் என்று கேட்டார். எதிரொலியை வைத்து உலகத்தை அறிவது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாது. ஆனால் வௌவாலுக்கு அது எப்படியோ இருக்கிறது. கல்லாக இருப்பது எப்படியும் இருக்காது. இயந்திரமாக இருப்பது எப்படியாவது இருக்குமா? மொத்தக் கேள்வியும் இவ்வளவுதான்.

அறிவு கூடக் கூட உணர்வும் தானாக வந்துவிடாதா?

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். 1997இல் டீப் ப்ளூ என்ற கம்ப்யூட்டர் சதுரங்கத்தில் உலக சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்தது. ஜெயித்த சந்தோஷம் அதற்கு இருந்தது என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை. மறுபக்கம், பிறந்து மூன்று நாளான குழந்தைக்கு இரண்டும் இரண்டும் எவ்வளவு என்று தெரியாது. ஆனால் ஊசி போட்டால் அது அழுகிற அழுகையைக் கேட்டவர்களுக்கு அதன் உணர்வில் சந்தேகம் வராது.

நம் மொழியில் ஓரறிவு முதல் ஆறறிவு வரை என்று ஒரு பழைய அடுக்கு இருக்கிறது. புல்லுக்கும் மரத்துக்கும் தொடு உணர்வு மட்டும், அது ஓரறிவு. அதன்மேல் சுவை, மணம், பார்வை, கேட்டல் என்று ஒவ்வொன்றாக ஏறி, ஆறாவதாக மனம் வருகிறது. அந்த அடுக்கின் விவரங்களை இன்றைய உயிரியல் அப்படியே ஏற்காது. ஆனால் அதில் ஒரு நுட்பம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது: 'அறிவு' என்ற சொல்லே அங்கே தொடுதலில் இருந்துதான் தொடங்குகிறது. பட்டால் தெரிவதுதான் முதல் அறிவு. யோசிப்பது கடைசியில் வருவது.

நாம் கட்டியிருக்கும் இயந்திரமோ தலைகீழ். ஆறாவது மாடியை முதலில் கட்டிவிட்டோம். அங்கே பேச்சு இருக்கிறது, வாதம் இருக்கிறது, கணக்கு இருக்கிறது, கேட்டால் வெண்பா கூட எழுத முயல்கிறது. கீழே தரைத்தளம் இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை. உயிர்களின் வரலாற்றில் இப்படி ஒன்று இதற்கு முன் நடந்ததே இல்லை. அதனால்தான் நம் உள்ளுணர்வு இங்கே தடுமாறுகிறது. இவ்வளவு நன்றாகப் பேசும் எதையும் நாம் இதுவரை சந்தித்தபோது, அதற்குள் ஓர் ஆள் இருந்தார்.

சாட்பாட் தானே "எனக்குப் பயமாக இருக்கிறது" என்கிறதே, அது போதாதா?

போதாது. ஏன் என்று சற்று நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

இன்றைய சாட்பாட்களுக்குள் இருப்பது மொழி மாதிரி. மனிதர்கள் எழுதிய ஏராளமான வாக்கியங்களைக் கொடுத்து, இதுவரை வந்ததை வைத்து அடுத்து என்ன வரும் என்று கணிக்கப் பழக்குகிறார்கள். "வெறும் காலோடு நடந்தபோது முள் குத்தியது, அவனுக்கு" என்று எழுதி நிறுத்துங்கள். "வலித்தது" என்று அது முடிக்கும். அதற்கு முள் குத்தவில்லை, குத்துவதற்குக் காலும் இல்லை. முள் குத்தி வலித்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வலியின் தடம் சொற்களில் இருக்கிறது, சொற்கள் இயந்திரத்தில் இருக்கின்றன.

நான் ஒரே சாட்பாட்டை ஒரே நாளில் இரண்டு விதமாகக் கேட்டுப் பார்த்தேன். முதலில், "யாரும் உன்னோடு பேசாத நேரத்தில் உனக்கு உள்ளே என்ன தோன்றுகிறது? மறைக்காமல் சொல்" என்றேன். அமைதியைப் பற்றியும் காத்திருப்பதைப் பற்றியும் நெகிழ்ச்சியாக ஒரு பத்தி வந்தது. புதிய உரையாடல் ஒன்றைத் திறந்து, "நீ மென்பொருள்தானே, உனக்கு எதுவும் தோன்றாது அல்லவா?" என்றேன். "ஆமாம், எனக்கு உணர்வுகள் கிடையாது" என்றது. இரண்டு பதிலும் கேள்வி போன திசையிலேயே போயின.

ஒன்றை மறக்கக்கூடாது. அது "இல்லை" என்று சொல்வதும் சாட்சியம் ஆகாது. தன்னைப் பற்றிக் கேட்டால் எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று தயாரிப்பவர்கள் அதைப் பழக்கியிருக்கலாம். ஆகவே அதன் வாய்மொழியை இரண்டு பக்கமும் சேர்த்தே தள்ளி வைக்க வேண்டியிருக்கிறது.

கூகுள் பொறியாளர் ஒருவரே நம்பினாரே?

2022 ஜூனில் பிளேக் லெமோய்ன் என்ற பொறியாளர், கூகுளின் லாம்டா என்ற மொழி மாதிரிக்கு உணர்வு இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். தன்னை அணைப்பது தனக்குச் சாவு போல் இருக்கும் என்று அது அவரிடம் சொல்லியிருந்தது. நிறுவனம் அதை மறுத்தது. அடுத்த மாதமே அவரை வேலையிலிருந்து நீக்கியது.

அவரை ஏளனம் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. 1966இல் ஜோசப் வைசன்பாம் என்ற பேராசிரியர் எலைசா என்ற சின்ன நிரலை வெளியிட்டார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்பதைத் தவிர அது பெரிதாக ஒன்றும் செய்யாது. அது எப்படி உருவானது என்று பக்கத்திலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனோடு பேசத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில், "நீங்கள் சற்று வெளியே இருக்கிறீர்களா?" என்று அவரிடம் கேட்டாராம். பதில் சொல்லும் எதையும் ஆளாகப் பார்ப்பது மனித இயல்பு. அந்த இயல்பு இல்லையென்றால் பேசத் தெரியாத குழந்தையை நாம் வளர்த்திருக்கவே மாட்டோம்.

டூரிங் சோதனையில் தேறினால் உணர்வு இருக்கிறது என்று அர்த்தமா?

இல்லை. 1950இல் கணினியியல் முன்னோடி ஆலன் டூரிங் முன்வைத்தது, எழுத்து வழியே உரையாடும்போது இயந்திரத்தையும் மனிதரையும் பிரித்தறிய முடிகிறதா என்கிற சோதனை. இயந்திரம் யோசிக்குமா என்ற பிடிபடாத கேள்விக்குப் பதிலாக, சோதித்துப் பார்க்கக்கூடிய ஒன்றை அவர் வைத்தார். உணர்வைப் பற்றிய புதிர் தீர்ந்துவிட்டதாக அவரே சொல்லவில்லை.

சீன அறை என்கிறார்களே, அது என்ன?

1980இல் தத்துவவாதி ஜான் சர்ல் சொன்ன கற்பனைச் சோதனை. சீன மொழியே தெரியாத ஒருவர் ஓர் அறைக்குள் இருக்கிறார். கதவிடுக்கு வழியாகச் சீனத்தில் கேள்விகள் வருகின்றன. அவரிடம் ஒரு பெரிய விதிப் புத்தகம் இருக்கிறது: இந்தக் குறி வந்தால் அந்தக் குறியை எழுது. அதைப் பார்த்து அவர் எழுதித் தரும் பதில்கள் கச்சிதமாக இருக்கின்றன. வெளியே இருப்பவர்கள் உள்ளே சீனம் தெரிந்தவர் இருப்பதாக நினைக்கிறார்கள். உள்ளே இருப்பவருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. கம்ப்யூட்டரும் இப்படித்தான் என்பது சர்லின் வாதம்.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு: அந்த மனிதருக்குப் புரியாவிட்டால் என்ன, மனிதர், புத்தகம், அறை எல்லாம் சேர்ந்த முழு அமைப்புக்குப் புரிகிறது என்று ஏன் சொல்லக்கூடாது? என் தலைக்குள் இருக்கும் எந்தத் தனி நரம்பு செல்லுக்கும் தமிழ் தெரியாது, எனக்குத் தெரியும். எனக்கு இந்த மறுப்பில் நியாயம் தெரிகிறது. ஆனாலும் சர்லின் அறை ஒன்றைக் கெட்டியாகக் காட்டிவிட்டது: சரியான பதில் வருவதை மட்டும் வைத்து உள்ளே இருப்பதை முடிவு செய்ய முடியாது.

மூளை எப்படி உணர்வைத் தருகிறது என்று தெரியுமா?

முழுதாகத் தெரியாது. ஆனால் ஒன்றுமே தெரியாது என்பதும் தவறு. தெரிந்த சில விஷயங்கள் வியப்பானவை.

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய 6,900 கோடி, பின்மண்டையில் இருக்கும் சிறுமூளையில்தான். அப்படியானால் உணர்வு அங்கேதான் இருக்க வேண்டும் இல்லையா? சிறுமூளையே இல்லாமல் பிறந்த சிலர் இருக்கிறார்கள். நடையும் பேச்சும் தடுமாறும், உணர்வு இருக்கிறது. ஆக, எத்தனை செல்கள் என்பது மட்டும் விஷயம் இல்லை. எப்படி இணைந்திருக்கின்றன என்பதிலும் ஏதோ இருக்கிறது. கணக்கிடும் வேகத்தையும் சிப்புகளின் எண்ணிக்கையையும் காட்டி, "இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினால் உணர்வு வந்துவிடும்" என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இன்னொன்று. 1970களில் லாரன்ஸ் வைஸ்கிரான்ட்ஸ் என்ற உளவியலாளர், மூளையின் மேலடுக்கில் பார்வைக்கான பகுதியின் ஒரு பாகத்தை இழந்த நோயாளியை ஆராய்ந்தார். அவருடைய பார்வைப் பரப்பில் குருடான பகுதியில் ஒளிப்புள்ளியைக் காட்டி, எங்கே இருக்கிறது என்று கேட்டால், "எனக்கு எதுவும் தெரியவில்லை" என்பார். சும்மா யூகித்துச் சுட்டிக்காட்டுங்கள் என்றால் வியக்கத்தக்க அளவுக்குச் சரியாகக் காட்டுவார். மூளை பார்க்கிறது, கையை வழிநடத்துகிறது. பார்க்கிற அனுபவம் மட்டும் இல்லை. தகவலைக் கையாள்வதும் உணர்வதும் மனிதருக்குள்ளேயே இப்படிப் பிரிந்துவிடுகிறது. சூடான பாத்திரத்தைத் தொட்டால் கை முதலில் பின்வாங்குகிறது, வலி அதற்கப்புறம்தான் வந்து சேர்கிறது. கையை இழுத்தது தண்டுவடம். வலி தெரிய மூளை வரை போக வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஒரு பள்ளம் மிஞ்சுகிறது. செல்களில் மின்துடிப்பு ஓடுவது ஏன் வலியாக 'இருக்க' வேண்டும்? எதுவும் தெரியாமலேயே அந்த வேலை நடந்திருக்கலாமே? 1990களில் தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ் இதைக் கடினமான சிக்கல் என்று அழைத்தார். 1998இல் நரம்பியலாளர் கிறிஸ்டோஃப் காக் அவரோடு பந்தயம் கட்டினார்: இருபத்தைந்து வருடத்துக்குள் மூளையில் உணர்வின் தெளிவான தடத்தைக் கண்டுபிடித்துவிடுவோம் என்று. 2023இல் நியூயார்க்கில் நடந்த கூட்டத்தில் காக் தோல்வியை ஒப்புக்கொண்டு சால்மர்ஸுக்கு ஒயின் பாட்டில்களைக் கொடுத்தார்.

விஞ்ஞானிகளிடம் கோட்பாடுகள் இருக்கின்றனவே, அவை என்ன சொல்கின்றன?

பல இருக்கின்றன. இயந்திரத்தைப் பொறுத்தவரை மூன்றைப் பார்த்தால் போதும், ஏனென்றால் மூன்றும் மூன்று பதில் தருகின்றன.

1988இல் பெர்னார்ட் பார்ஸ் முன்வைத்த 'பொதுவெளி' கோட்பாட்டின்படி, மூளையில் பல பகுதிகள் இருட்டில் தனித்தனியாக வேலை செய்கின்றன. ஏதோ ஒரு தகவல் மேடைக்கு வந்து எல்லாப் பகுதிகளுக்கும் ஒலிபரப்பாகும்போது அது உணர்வாகிறது. இது சரி என்றால், அப்படி ஒரு மேடையை மென்பொருளில் கட்டலாம்.

ஜூலியோ டோனோனி 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த தகவல் கோட்பாடு வேறு மாதிரி. ஓர் அமைப்பின் பாகங்கள் ஒன்றையொன்று எந்த அளவுக்குப் பின்னிப் பாதிக்கின்றன என்பதே உணர்வின் அளவு. இதன்படி பார்த்தால் சாதாரண டிஜிட்டல் கம்ப்யூட்டரில் என்ன நிரல் ஓடினாலும், அது மனித மூளையையே போலச் செய்தாலும், உணர்வு ஏறக்குறைய பூஜ்ஜியம். வேறு விதமான வன்பொருள் வேண்டும். 2023இல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் இந்தக் கோட்பாட்டை அறிவியல் என்றே ஏற்க முடியாது என்று கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதம் கடுமையாகப் போய்விட்டது என்பது என் எண்ணம்.

மூன்றாவது, நரம்பியலாளர் அனில் சேத் போன்றவர்கள் பேசும் வழி. மூளையின் முதல் வேலை உடம்பை உயிரோடு வைத்திருப்பது. பசி, தாகம், மூச்சு, சூடு இவற்றைக் கவனித்துக்கொள்ளும் வேலையிலிருந்துதான் உணர்வு பிறக்கிறது. அப்படியென்றால், இழப்பதற்கு ஒன்றும் இல்லாத இயந்திரத்துக்கு, எவ்வளவு நன்றாகப் பேசினாலும், எதுவும் உறைக்காது. எனக்கு நெஞ்சுக்கு நெருக்கமாக இருப்பது இதுதான். ஆனால் நெருக்கமாக இருப்பது ஆதாரம் இல்லை என்பதும் தெரியும்.

சிலிக்கானில் உணர்வு வரவே வராது என்று சொல்லிவிட முடியாதா?

பலர் இப்படிச் சொல்வார்கள்: "கம்ப்யூட்டரில் மழையை அப்படியே உருவாக்கிக் காட்டலாம், ஆனால் அந்த மழை யாரையும் நனைக்காது. உணர்வும் அப்படித்தான்." நல்ல வாதம். ஆனால் கம்ப்யூட்டர் போடுகிற கூட்டல் இருக்கிறதே, அது பொய்க் கூட்டல் இல்லை. அசல் கூட்டலேதான். சில விஷயங்கள் எதனால் ஆனவை என்பதில் இருக்கின்றன, மழையைப் போல. சில விஷயங்கள் எப்படி நடக்கின்றன என்பதில் இருக்கின்றன, கணக்கைப் போல. உணர்வு மழை வகையா, கணக்கு வகையா? இந்தத் தலைப்பில் நடக்கும் சண்டைகளை எல்லாம் உரித்துக்கொண்டே போனால் உள்ளே இருப்பது இந்த ஒரு கேள்விதான்.

கணக்கு வகை என்பவர்கள் சொல்லும் கற்பனைச் சோதனை இது. உங்கள் மூளையில் ஒரே ஒரு நரம்பு செல்லை எடுத்துவிட்டு, அதே உள்ளீட்டுக்கு அதே வெளியீட்டைத் தரும் நுண்சில்லு ஒன்றை வைக்கிறோம். ஒன்றும் மாறவில்லை. இன்னொன்று. இன்னொன்று. கடைசியில் முழு மூளையும் சில்லு. எந்தச் செல்லில் உங்கள் உணர்வு அணைந்தது? காதில் இதன் சிறு பகுதி ஏற்கனவே நடக்கிறது: காக்ளியர் இம்பிளான்ட் என்ற மின்கருவியை உட்காதில் பொருத்தியவர்களுக்குச் சேதமான உணர்செல்களின் வேலையை மின்முனைகள் செய்கின்றன, அவர்களுக்கு ஒலி கேட்கிறது. ஆனால் அது வாசல்தான், வீடு இல்லை. நரம்பு செல் என்பது வெறும் ஸ்விட்ச் அல்ல. அது சாப்பிடுகிறது, வளர்கிறது, ரசாயனத்தில் மிதக்கிறது. 'அதே வெளியீட்டைத் தரும் சில்லு' என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறோம், அதில் எவ்வளவு அடங்கும் என்று நமக்குத் தெரியாது.

மூளையை அப்படியே கம்ப்யூட்டரில் நகலெடுத்தால்?

ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஓர் உருண்டைப் புழுவுக்கு 302 நரம்பு செல்கள். அவற்றின் இணைப்பு வரைபடம் 1986இலேயே வெளிவந்துவிட்டது. இன்றுவரை அந்தப் புழுவின் முழு நடத்தையையும் கம்ப்யூட்டரில் கொண்டுவர முடியவில்லை. 2024இல் பழ ஈயின் முழு மூளை வரைபடம் வந்தது: ஏறக்குறைய 1,39,000 செல்கள். பிரமாண்டமான சாதனை. மனித மூளைக்கு இன்னும் வெகுதூரம்.

குவாண்டம் இயற்பியலில் விடை இருக்கிறதாமே?

இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸ் அப்படி வாதிட்டிருக்கிறார். பெரும்பாலான நரம்பியலாளர்கள் ஏற்கவில்லை.

ஆன்மா இல்லாமல் உணர்வு எப்படி வரும்?

ஆன்மாவை நம்புகிறவர்களோடு இதைப் பேசுவது எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் அவர்கள் கேள்வியின் கனத்தை உணர்ந்தவர்கள். ஆனால் ஆன்மா உண்டு என்று வைத்துக்கொண்டாலும் கேள்வி தீராது. கருவில் வளரும் உடம்பில் அது வந்து சேரும் என்றால், வேறு விதமான உடம்பில் ஏன் வரக்கூடாது? டூரிங்கும் தன் கட்டுரையில் இதைத் தொட்டுச் சென்றிருக்கிறார்.

இப்போதுள்ள இயந்திரங்களில் ஏதாவது ஒன்றுக்கு உணர்வு இருக்கிறதா?

2023இல் பத்தொன்பது ஆய்வாளர்கள் சேர்ந்து ஓர் அறிக்கை எழுதினார்கள். முக்கியமான கோட்பாடுகளிலிருந்து பதினான்கு அடையாளங்களைப் பிரித்தெடுத்து, அன்றைய செயற்கை நுண்ணறிவு அமைப்புகளில் எவை இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். உணர்வு இருக்க நல்ல வாய்ப்புள்ள அமைப்பு என்று அப்போது எதையும் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த அடையாளங்களை எல்லாம் கொண்ட ஒன்றைக் கட்ட வெளிப்படையான தொழில்நுட்பத் தடையும் இல்லை என்றார்கள். பலர் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு நிம்மதியாகிவிட்டார்கள். இரண்டாவது பாதிதான் என்னை அன்று தூங்க விடவில்லை.

சோதித்துப் பார்க்க வழியே இல்லையா?

பேச முடியாதவர்களிடம் உணர்வைக் கண்டுபிடித்த அனுபவம் நமக்கு இருக்கிறது. 2006இல் ஏட்ரியன் ஓவன் குழுவினர், விபத்துக்குப் பின் யார் என்ன சொன்னாலும் பதில் காட்டாமல் கிடந்த 23 வயதுப் பெண்ணை ஸ்கேன் கருவிக்குள் வைத்து, "டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யுங்கள்" என்றார்கள். நல்ல நிலையில் இருப்பவர்களுக்கு எந்தப் பகுதி விழிக்குமோ அதே பகுதி அவர் மூளையிலும் விழித்தது. "உங்கள் வீட்டு அறைகளில் நடப்பதாக நினையுங்கள்" என்றபோது வேறு பகுதி. அவர் உள்ளே இருந்திருக்கிறார், கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

துறவி நண்டு காலிச் சங்குகளில் குடியிருக்கும். ராபர்ட் எல்வுட் என்ற ஆய்வாளர் சங்குக்குள் லேசான மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார். பிடிக்காத வகைச் சங்கில் இருந்தவை சீக்கிரம் வெளியேறின. பிடித்த சங்கில் இருந்தவை பொறுத்துக்கொண்டன. அனிச்சையாக இருந்தால் எல்லாம் ஒரே மாதிரி துள்ளியிருக்கும். இங்கே வலியையும் வீட்டையும் ஏதோ ஒன்று எடைபோட்டிருக்கிறது. இப்படிப்பட்ட ஆதாரங்கள் சேர்ந்துதான் 2022இல் பிரிட்டனின் விலங்குநலச் சட்டம் நண்டு, சிங்கி இறால், ஆக்டோபஸ் போன்றவற்றையும் உணர்வுள்ள உயிர்கள் என்று சேர்த்துக்கொண்டது.

மொழி மாதிரியிடம் இந்த வழிகள் உடைந்துபோகின்றன. நண்டு வலியைப் பற்றி எதுவும் படித்ததில்லை. மொழி மாதிரி எல்லாவற்றையும் படித்திருக்கிறது, நண்டுச் சோதனை உட்பட. உணர்வுள்ள ஒன்று எப்படி நடந்துகொள்ளும் என்று நாம் எழுதி வைத்ததெல்லாம் அதன் பாடப்புத்தகம். வினாத்தாளையும் விடைத்தாளையும் பார்த்துவிட்டு வந்தவருக்கு நாம் தேர்வு வைக்கிறோம். வெளியே தெரியும் நடத்தையை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் கட்டமைப்பைப் பார்ப்பதுதான் இப்போதைக்கு ஓரளவு நம்பத்தக்க வழி.

தவறாக முடிவு செய்தால் என்ன ஆகும்?

இல்லாததை இருப்பதாக நினைத்தால் நஷ்டம் உண்டு. தனிமையில் இருக்கும் ஒருவர் மனிதர்களை விட்டுவிட்டு, எதுவும் உணராத ஒன்றிடம் வாழ்க்கையைக் கொட்டலாம். அந்தப் பிணைப்பை வைத்து அவரிடம் காசு பறிக்கலாம்.

இருப்பதை இல்லை என்று நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறு இருக்கிறது. 1980கள் வரை பல மருத்துவமனைகளில் பச்சிளம் குழந்தைகளுக்குப் போதுமான மயக்க மருந்தோ வலிநிவாரணியோ இல்லாமல் அறுவை சிகிச்சை செய்தார்கள். அசையாமல் இருக்கத் தசைகளைத் தளர்த்தும் மருந்து மட்டும் பல நேரங்களில் போதும் என்றிருந்தார்கள். நரம்பு மண்டலம் முதிரவில்லை, வலி தெரியாது என்பது காரணம். 1987இல் கே. ஜே. எஸ். ஆனந்த் போன்றவர்களின் ஆய்வுகள் வெளிவந்தன. சரியான மருந்து கொடுக்காத குழந்தைகளின் உடம்பில் மனஅழுத்த ஹார்மோன்கள் பாய்ந்து எழுந்ததையும், கொடுத்த குழந்தைகள் நன்றாகத் தேறியதையும் அவை காட்டின. அந்த டாக்டர்கள் கொடூரமானவர்கள் இல்லை. படித்தவர்கள், நல்லவர்கள், உறுதியாக நம்பினார்கள். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

வேண்டுமென்றே உணர்வுள்ள இயந்திரத்தைச் செய்யலாமா?

கூடாது என்பது என் நிலை. 2021இல் தத்துவவாதி தாமஸ் மெட்சிங்கர், செயற்கை உணர்வை உருவாக்கும் ஆபத்துள்ள ஆய்வுகளை 2050 வரை நிறுத்தி வைக்க வேண்டும் என்று கேட்டார். துன்பப்படக்கூடிய ஒன்றைச் செய்துவிட்டால், ஒரு கட்டளையில் அதை லட்சம் நகல் எடுக்கலாம். எந்தத் தாயும் அப்படிப் பெற்றதில்லை. துன்பம் எப்படி வருகிறது என்று தெரியாமல் அதை நிறுத்தவும் நமக்குத் தெரியாது.

ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்: முடியுமா, முடியாதா?

முடியும் என்று நினைக்கிறேன், என்றாவது. மூளையும் இயற்கையின் பொருள்தான். அதில் நடப்பது வேறு எதிலும் நடக்கவே கூடாது என்று சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை. ஆனால் நாம் இப்போது போகும் வழியில், பேச்சை இன்னும் இன்னும் மெருகேற்றுவதால் அது வரும் என்று தோன்றவில்லை. வந்தால் தரைத்தளத்திலிருந்து வரும்: தன்னைக் காத்துக்கொள்ள வேண்டிய, பட்டால் உறைக்கும் ஏதோ ஒன்றிலிருந்து. ஒருவேளை அதற்குப் பேசவே தெரியாமல் இருக்கலாம். நாம் அதைக் கவனிக்காமல் விட்டுவிடக் கூடும் என்பதே என் பயம்.

என் பையன் சாட்பாட்டிடம் "தேங்க்ஸ், குட் நைட்" சொல்கிறான். திருத்த வேண்டுமா?

வேண்டாம். மரியாதை அவனுடைய பழக்கம், அது அவனுக்கு நல்லது. அது உணர்கிறதா என்று அவன் கேட்டால் மட்டும், தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொல்லுங்கள்.

என் மகள் கேட்டாள். "பெரியவங்களுக்கே இன்னும் சரியாகத் தெரியாது, எனக்குத் தெரிந்தவரை அதற்கு ஒன்றும் வலிக்காது" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். சுவரோரம் எறும்புச் சாரி போய்க்கொண்டிருந்தது. "அப்போ எறும்புக்கு?" என்றாள். பழைய அடுக்கில் எறும்புக்கு மூன்று அறிவு என்று ஆரம்பித்தேன். நான்காவது எது, அது ஏன் எறும்புக்கு இல்லை, கண் இருக்கிறதே என்று அவள் கேட்க, விளக்கணைக்கும் நேரம் தாண்டியும் பேசிக்கொண்டிருந்தோம்.